சோபாவில் ஏறிய துணி ஏன் இறங்க மறுக்கிறது?

கேள்வி: எனக்கு 37 வயது. சென்னை மேடவாக்கத்தில் இரண்டு படுக்கையறை அடுக்குமாடி வீடு. நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். காலை எட்டரைக்குக் கிளம்பினால் நான் வீடு திரும்ப இரவு ஏழரை ஆகிவிடும். பெண்ணுக்கு 11 வயது, பையனுக்கு 6. மாமியார் எங்களோடு இருக்கிறார். முழங்கால் வலியால் அதிகம் நடக்க முடியாது. காலையில் ஒரு அக்கா வந்து பாத்திரம் தேய்த்து, வீடு பெருக்கித் துடைத்துவிட்டுப் போகிறார். அப்படியும் வீடு வீடாக இல்லை. சோபாவில் எப்போதும் துணி மலை. சாப்பாட்டு மேஜையில் சாப்பிட இடமில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒழுங்கு செய்கிறேன். புதன்கிழமைக்குள் பழையபடி ஆகிவிடுகிறது. யாராவது சொல்லாமல் வந்துவிட்டால் கதவைத் திறக்கவே கூச்சமாக இருக்கிறது. கணவரிடம் கேட்டால், "என்ன செய்யணும்னு சொல்லு, செய்றேன்" என்கிறார். சொல்லி வேலை வாங்குவதற்குள் நானே செய்துவிடலாம் போலிருக்கிறது. எந்த நாள் எந்த வேலை என்று ஒரு அட்டவணை போட்டுத் தர முடியுமா?

பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

பதில்: வீட்டு மேலாண்மை ஆலோசகர்

அன்புள்ள சகோதரிக்கு,

அட்டவணை கேட்டிருக்கிறீர்கள். நான் அதைத் தரப்போவதில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். திங்கள் ஒட்டடை, செவ்வாய் குளியலறை என்று எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய தாள்களை எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். இரண்டாவது வாரமே குழந்தைக்குக் காய்ச்சல் வரும், ஆபீஸில் மாதக் கடைசி வேலை கழுத்தைப் பிடிக்கும், தாள் சொன்னது நடக்காது. அதற்கப்புறம் அந்தத் தாள் கண்ணில் படும்போதெல்லாம் மனசு உறுத்தும். ஏற்கெனவே களைத்துப்போயிருக்கிற உங்களுக்கு அது வேண்டாம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். வீடு அழுக்காக இருக்கிறது என்று ஒரு இடத்தில்கூட நீங்கள் எழுதவில்லை. தினமும் பெருக்கித் துடைக்கிற வீடு அது. நீங்கள் சொல்வதெல்லாம் இரண்டே இடம்: சோபா, சாப்பாட்டு மேஜை. இரண்டிலும் கிடப்பவை பாதி வழியில் நின்றுபோன பொருள்கள். கொடியிலிருந்து பீரோவுக்குப் போக வேண்டிய துணி சோபாவோடு நின்றுவிட்டது. வாசலிலிருந்து அறைக்குப் போக வேண்டிய பள்ளிப் பை மேஜையோடு நின்றுவிட்டது. தெருவில் மழைத்தண்ணீர் தேங்கினால் எங்கே அடைத்துக்கொண்டிருக்கிறது என்றுதான் பார்ப்போம். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை முழுக்க வாளியால் மொண்டு ஊற்றிக்கொண்டிருக்கிறீர்கள். அடைப்பு அப்படியே இருப்பதால்தான் புதன்கிழமைக்குள் திரும்பத் தேங்கிவிடுகிறது.

துணியிலிருந்து ஆரம்பிப்போம். உங்கள் வீட்டில் ஐந்து பேர். நம் ஊர் வெயிலுக்கும் வியர்வைக்கும் ஆளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு செட் என்று வைத்தால், வாரத்துக்கு 70 செட். துண்டும் படுக்கை விரிப்பும் தனி. வேலைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் சனி, ஞாயிறில்தான் மெஷின் போடுகிறார்கள். நீங்களும் அப்படித்தான் செய்வீர்கள் என்று நினைக்கிறேன். 70 செட் துணியும் ஒரே நாளில் காய்ந்து இறங்கினால் யாரால் மடித்து முடிக்க முடியும்? உங்கள் சுறுசுறுப்பில் ஒரு குறையும் இல்லை, இந்தக் கணக்கே யாருக்கும் கட்டுப்படியாகாதது.

அதனால் ஒன்றுவிட்டு ஒரு நாள் ஒரு லோடு போடுங்கள். முடிந்தால் தினமும். உங்கள் மெஷினில் டிலே ஸ்டார்ட் இருந்தால் இரவே துணியைப் போட்டு, காலையில் நீங்கள் எழும் நேரத்துக்குத் துவைத்து முடிக்கிற மாதிரி வைத்துவிடலாம். படுக்கும் முன்பே துவைத்து, ஈரத்துணியை இரவெல்லாம் மெஷினுக்குள் விட்டுவிடாதீர்கள். மழைக்காலத்தில் எவ்வளவு வாசனைத் திரவம் ஊற்றினாலும் போகாத அந்தப் புழுங்கல் நாற்றம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. துணியை எடுத்ததும் மெஷின் கதவைத் திறந்தே வையுங்கள்.

அடுத்தது மடிப்பு. சட்டை, குர்த்தி, பிள்ளைகளின் யூனிஃபார்ம் இவற்றை ஈரமாக இருக்கும்போதே நன்றாக உதறி ஹேங்கரில் மாட்டி, அந்த ஹேங்கரையே கொடியில் தொங்கவிடுங்கள். காய்ந்ததும் ஹேங்கரோடு பீரோவுக்குள் போய்விடும், சோபாவில் இறங்க வேண்டிய அவசியமே வராது. இஸ்திரி வேலையும் நன்றாகக் குறையும். உள்ளாடை, சாக்ஸ், நைட்டி, வீட்டில் போடும் டீஷர்ட் இவற்றை மடிக்கவே வேண்டாம். ஆளுக்கொரு பிளாஸ்டிக் கூடை வையுங்கள், காய்ந்த துணி நேராக அதில் விழட்டும். டீஷர்ட் கசங்கியிருந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. பையன் கூடையை அவனே அறைக்குத் தூக்கிக்கொண்டு போவான், ஆறு வயதுக்கு அது பெருமையான வேலை. கடைசியில் மடிக்க மிஞ்சுவது புடவை, வேட்டி, பேண்ட், துண்டு. உங்கள் மாமியாருக்கு விருப்பம் இருந்தால் மட்டும் கேட்டுப் பாருங்கள். உட்கார்ந்தபடியே செய்யக்கூடிய வேலை என்பதால் பல வீடுகளில் பெரியவர்கள் சந்தோஷமாகச் செய்கிறார்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

இதெல்லாம் சரியாக நடக்க இன்னொன்று வேண்டும்: பீரோவில் இடம். துணி சோபாவிலேயே தங்கிவிடுவதற்கு நான் அதிகம் பார்த்த காரணம் இதுதான். பீரோவைத் திறந்து பாருங்கள். கல்யாண வீடுகளில் வைத்துக்கொடுத்த புடவைகள், தாம்பூலத்தோடு வந்து என்றைக்கும் தைக்காத பிளவுஸ் பிட்டுகள், பெண்ணுக்கு மூன்று வருஷத்துக்கு முன்பே சிறிதாகிப்போன பட்டுப் பாவாடை, "இளைத்ததும் போட்டுக்கொள்ளலாம்" என்று வைத்த ஜீன்ஸ். தினம் உடுத்துகிற துணிக்கு மேல் தட்டில் ஒரு சாண் இடம்தான் மிஞ்சியிருக்கும். திணித்துச் சொருக வேண்டிய இடத்தில் பொருளை வைக்கக் கை வராது, பக்கத்தில் காலியாக எது இருக்கிறதோ அங்கே வைத்துவிடும். உங்கள் வீட்டில் அது சோபா.

மொத்த பீரோவையும் ஒரே நாளில் கட்டிலில் கொட்டாதீர்கள். ராத்திரி பத்து மணிக்குப் படுக்க இடமில்லாமல் எல்லாவற்றையும் திரும்ப உள்ளேயே அடைத்துவிடுவீர்கள். ஒரு உட்காரலுக்கு ஒரு தட்டு. ஒவ்வொரு தட்டிலும் கால் பங்கு காலியாக இருக்கட்டும். கொடுக்க வேண்டியதைப் பையில் போட்டு அன்றைக்கே வாசலுக்குக் கொண்டுபோங்கள். பரணில் ஏற்றினால் அது கொடுத்ததாகாது. மாமியாரின் பொருள்களில் மட்டும் அவர் கேட்டுக்கொள்ளாமல் கை வைக்காதீர்கள். அவருடைய பித்தளைப் பாத்திரம் உங்களுக்கு இடத்தை அடைக்கிற சாமான், அவருக்கு அது அவர் பிறந்த வீடு. அடுக்குப் பெட்டி, ஆர்கனைசர் எதையும் இப்போதைக்கு வாங்க வேண்டாம். இடம் பற்றாத வீட்டுக்குள் இன்னும் நாலு சாமான் வந்து சேரும், அவ்வளவுதான்.

சாப்பாட்டு மேஜைக்கு வருவோம். வாசலுக்குள் நுழைந்ததும் இடுப்பு உயரத்தில் தட்டையாக இருப்பது அது ஒன்றுதான். கையில் இருப்பதெல்லாம் அங்கேதான் இறங்கும். மேஜை மேல் எதையும் வைக்கக் கூடாது என்று சட்டம் போட்டால் ஒரு நாள்கூட நிற்காது. கையில் இருப்பதற்கு வாசல் பக்கத்திலேயே இடம் கொடுங்கள். பிள்ளைகளின் தோள் உயரத்தில் ஆளுக்கு ஒரு கொக்கி. பெரியவர்கள் கைக்கு எட்டுகிற உயரத்தில் அடித்தால் பையன் பையைத் தரையில்தான் போடுவான். சாவிக்கும் ஹெல்மெட்டுக்கும் ஒரு பலகை. பள்ளிச் சுற்றறிக்கை, கரண்ட் பில் இவற்றுக்குச் சுவரில் ஒரு கிளிப், அது தாங்காத அளவு சேர்ந்தால் உட்கார்ந்து கிழிக்க வேண்டிய நாள் வந்துவிட்டது என்று அர்த்தம். டிபன் பாக்ஸ் மட்டும் பைக்குள் தங்கக் கூடாது. செருப்பைக் கழற்றிய கையோடு சிங்குக்குப் போய்விட வேண்டும். மாமியாரின் மாத்திரை அட்டைகள் மேஜையில் பரவிக் கிடந்தால், வேளை பிரித்த மாத்திரை டப்பா ஒன்று வாங்கி அவர் கட்டில் பக்கத்தில் வையுங்கள். மேலே பெட்டி வாங்காதீர்கள் என்றேனே, இது ஒன்றுக்கு விலக்கு. ஆறு வயதுப் பையன் இருக்கிற வீடு, அவன் கைக்கு எட்டாத உயரமா என்று பார்த்து வையுங்கள்.

சமையலறையைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். அக்கா காலையில்தான் வருகிறார் என்றால் ராத்திரி பத்துப் பாத்திரம் எங்கே கிடக்கிறது? சிங்கில், சோற்றுப் பருக்கையோடு, தண்ணீரில் ஊறிக்கொண்டிருக்கும். கரப்பான்பூச்சிக்கு இரவில் வேண்டியது தீனியும் ஈரமும், இரண்டும் ஒரே இடத்தில் கிடைத்துவிடுகிறது. எந்த மருந்து அடித்தாலும் அது திரும்ப வருவதற்கு இதுதான் காரணம். பாத்திரத்தை நீங்கள் தேய்க்க வேண்டாம். மிச்சத்தை வழித்துக் குப்பையில் போட்டு, ஒரு தடவை அலசி, ஒரு டப்பில் அடுக்கி வெளியே வையுங்கள். எண்ணெய்ச் சட்டியை முதலில் பழைய செய்தித்தாளால் துடைத்துவிட வேண்டும், அந்த எண்ணெய் குழாய்க்குள் போய்ப் படிந்தால்தான் சிங்க் அடைக்கிறது. அடுப்பு மேடையை வெதுவெதுப்பு ஆறும் முன் ஈரத்துணியால் ஒரு இழுப்பு. அப்போதே துடைத்தால் துணியோடு வந்துவிடுவது, நாளைக்கு என்றால் சுரண்ட வேண்டியதாகிவிடும். சிங்க் சல்லடையைத் தட்டி, ஸ்க்ரப்பரைப் பிழிந்து நிமிர்த்தி வைத்துவிட்டு விளக்கை அணையுங்கள். கால் மணி நேர வேலை. எவ்வளவு களைப்பான நாளிலும் இதை மட்டும் விடாதீர்கள் என்று கேட்டுக்கொள்வேன். காய்ந்த சிங்கோடு ஆரம்பிக்கிற காலைக்கும் மற்ற காலைகளுக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.

மக்கும் குப்பை, மக்காத குப்பை இரண்டையும் ஆரம்பத்திலேயே தனித்தனி வாளியில் போடுங்கள். திடக்கழிவு மேலாண்மை விதிகளும் வீட்டிலேயே தரம் பிரிக்கத்தான் சொல்கின்றன. விதியை விடுங்கள், நாம் பிரிக்காததை இன்னொருவர் வெறுங்கையால் பிரிக்கிறார். நாப்கினையும் உடைந்த கண்ணாடியையும் தாளில் சுற்றித் தனியாகக் கொடுங்கள்.

குளியலறையில் உங்கள் எதிரி உப்பு. தென்சென்னைப் பக்கம் போர் தண்ணீர் வருகிற வீடுகளில் குழாயிலும் டைல்ஸிலும் வெள்ளை வெள்ளையாகப் படியும். தண்ணீர் காய்ந்தால்தான் உப்பு மிஞ்சும், காயும் முன் தள்ளிவிட்டால் படியாது. கடைசியாகக் குளிப்பவர் வைப்பரால் தரையையும் சுவரின் கீழ்ப் பகுதியையும் ஒரு தடவை இழுத்துவிட்டு வரட்டும். முழங்கால் வலிக்கிற மாமியார் இருக்கிற வீட்டில் இதற்கு இன்னொரு பலன் உண்டு: ஈரமில்லாத தரையில் அவர் வழுக்கி விழ மாட்டார். ஏற்கெனவே படிந்த உப்புக்கு வினிகரில் நனைத்த துணியைக் குழாயில் கால் மணி நேரம் சுற்றி வைத்துத் தேய்த்தால் போதும். மார்பிள் இருக்கிற இடத்தில் வினிகரும் எலுமிச்சையும் கூடாது, கல்லையே அரித்துவிடும்.

இதைக் கவனமாகப் படியுங்கள். அவசரத்தில் சுத்தம் செய்கிறவர்கள் கழிப்பறைக்கு ஆசிட்டையோ டாய்லெட் கிளீனரையோ ஊற்றி, கூடவே பிளீச்சிங் பவுடரையும் தூவிவிடுகிறார்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். ஜன்னல் சிறிதாக இருக்கிற அடுக்குமாடிக் குளியலறையில் அது மூச்சை அடைத்துவிடும். ஒரு நாளைக்கு ஒன்றுதான், அதுவும் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுவிட்டு. டாய்லெட் கிளீனரை ஊற்றியதும் தேய்க்க வேண்டாம். பாட்டிலில் போட்டிருக்கிற நேரம்வரை அது அப்படியே ஊறட்டும், அதற்குள் நீங்கள் வேறு வேலை பார்க்கலாம். உங்கள் அக்காவுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

வாரம் ஒரு முறை தவறாமல் செய்ய வேண்டியது என்று பார்த்தால் என் கணக்கில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தண்ணீர்த் தட்டு, மணி பிளான்ட் வைத்த பாட்டில், பூந்தொட்டிக்கு அடியில் உள்ள தட்டு, பால்கனியில் மறந்துபோன வாளி: இவற்றைக் கவிழ்த்து உள்பக்கத்தைத் தேய்க்க வேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு இந்த மாதிரி நல்ல தண்ணீரில்தான் வளரும். முட்டை கொசுவாவதற்கு ஏறத்தாழ ஒரு வாரம், பத்து நாள் போதும். முட்டை பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது என்பது அதனால்தான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை, மற்ற எந்த வேலை விட்டுப்போனாலும் இது விட்டுப்போகக் கூடாது. பெண்ணிடம் ஒரு பழைய பிரஷைக் கொடுத்துக் காரணத்தையும் சொல்லிவிடுங்கள். 11 வயதுப் பிள்ளைக்குக் காரணம் தெரிந்தால் நம்மைவிட ஒழுங்காகச் செய்யும்.

ஒட்டடை, ஜன்னல் கம்பி, பரண் எல்லாம் போகிக்கும் ஆயுத பூஜைக்கும் செய்தால் போதும். ஃபேன் இறக்கைக்கு மட்டும் ஒரு வழி: பழைய தலையணை உறையை இறக்கை மேல் மாட்டி இழுத்தால் தூசி கட்டிலில் கொட்டாமல் உறைக்குள்ளேயே விழும்.

சொல்லாமல் வருகிற விருந்தாளிக்கு வேண்டியது உட்கார இடம், குடிக்கத் தண்ணீர், முகம் சுளிக்க வைக்காத ஒரு குளியலறை. படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொள்ளலாம். இரண்டு பேர் வேலைக்குப் போகிற வீட்டுக்கு வந்து சோபாவில் துண்டு கிடந்ததை மனசில் வைத்துக்கொள்கிறவரைப் பற்றி நீங்கள் கவலைப்படவே வேண்டாம்.

உதவிக்கு வருகிற அக்காவிடம் இன்னும் கொஞ்சம் வேலை சேர்க்கலாமா என்று யோசித்திருப்பீர்கள். சேர்க்கலாம், பணத்தோடு. மாதம் இரண்டு முறை ஒரு மணி நேரம் அதிகம் வர முடியுமா, அதற்கு என்ன எதிர்பார்க்கிறார் என்று நேராகக் கேளுங்கள். அதே சம்பளத்தில் "அப்படியே இதையும் துடைச்சிடுங்க" என்று ஒவ்வொன்றாகக் கூட்டுவது நியாயமில்லை. கழிப்பறையை அவரிடம் கேட்க வேண்டாம் என்பது என் கருத்து. அதை வீட்டார்தான் செய்ய வேண்டும். குனிந்து துடைக்காமல் நின்றபடி துடைக்க நீளக் கைப்பிடி மாப் ஒன்று வாங்கிக் கொடுங்கள். அவருக்கும் முழங்கால் இருக்கிறது.

இனி உங்கள் கணவர். "சொல்லு, செய்றேன்" என்று அவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் எது தீர்ந்தது, எது ஈரமாக இருக்கிறது, நாளைக்கு யாருக்கு என்ன யூனிஃபார்ம் என்று ஓயாமல் நினைத்துக்கொண்டிருப்பதுதான் இந்த வேலையிலேயே பாரமான பகுதி. சொன்னால் செய்கிற ஆள், அந்தப் பாரத்தை உங்கள் தலையிலேயே விட்டுவைக்கிறார். இது உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதில்லை. தேசிய புள்ளியியல் அலுவலகம் 2019இல் நாடு முழுவதும் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஆறு வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களில் 81.2 சதவீதம் பேர் சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்டிருந்தார்கள், ஆண்களில் 26.1 சதவீதம் பேர். அப்படி ஈடுபட்டவர்களிலும் பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள், ஆண்கள் 97 நிமிடம். அந்த 299 நிமிடத்தை எட்டரைக்குக் கிளம்பி ஏழரைக்குத் திரும்புகிற ஒருத்தி எங்கே வைப்பாள்? அது உங்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் போய் உட்கார்ந்துகொண்டிருக்கிறது.

அதனால் அவரிடம் உதவி கேட்காதீர்கள். ஒரு வேலையை முழுசாகக் கொடுங்கள். துணியைக் கொடுங்கள் என்பேன். அழுக்குக் கூடை நிறைந்துவிட்டதா என்று பார்ப்பது, சோப்புத் தூள் தீரும் முன் வாங்குவது, மெஷின், கொடி, ஹேங்கர், மழை வந்தால் எடுப்பது, பீரோவுக்குள் போகும்வரை எல்லாம் அவர் பொறுப்பு. நினைவூட்டுவதும் உங்கள் வேலை இல்லை. சனிக்கிழமை காபி குடிக்கும்போது, இருவரும் கோபமாக இல்லாத நேரத்தில், இந்தக் கடிதத்தை அவரையும் படிக்கச் சொல்லுங்கள். முதல் வாரம் பையன் யூனிஃபார்ம் காயாமல் ஒரு காலை தகராறாகலாம். அப்போது நீங்கள் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள், அவரே ஒரு வழி பார்ப்பார். அவர் துண்டு மடிக்கிற விதம் உங்களுக்குப் பிடிக்காது. அதையும் திரும்ப மடிக்காதீர்கள். நாலு வாரம் துணி மட்டும்தான். வாசல் கொக்கியும் மேஜையும் அதற்குப் பிறகு.